வரம்பை ஒட்டிய பொருளுக்கு இருமுறை வரியா?

ஆசிரியர் அவர்களுக்கு,

சிங்கப்பூரில் 2023 ஜனவரி முதல், விமானம் அல்லது அஞ்சல் வழி வரும் 400 வெள்ளிக்கு மிகாத வெளிநாட்டுப் பொருள்களுக்கும் பொருள், சேவை வரியைப் பதிவுபெற்ற விற்பனையாளரே வசூலித்துவிடுகிறார். சிக்கல் எழுவது இந்த 400 வெள்ளி வரம்பை ஒட்டிய பொருள்களில்தான். விற்பனையாளர் பொருளின் விலையை மட்டும் கணக்கில் கொள்ள, சுங்கத்துறையோ அனுப்பும் செலவையும் காப்பீட்டையும் கூட்டிப் பார்க்கிறது. 390 வெள்ளிக் காலணி, 25 வெள்ளி அனுப்பும் செலவோடு 415 ஆகி, இறக்குமதியின்போது சுங்கத்துறை வரி கேட்கும் பொருளாகிவிடுகிறது. வரி முன்பே செலுத்தப்பட்ட விவரம் சரக்குடன் வந்து சேராவிட்டால், 9 விழுக்காடு மீண்டும் கேட்கப்படலாம். விரைவஞ்சல் நிறுவனத்தின் கையாளும் கட்டணம் வேறு. கூடுதல் வரி திரும்பக் கிடைத்தாலும் (அதற்கும் அலைய வேண்டும்) இக்கட்டணத்தை யார் தருவார்? எனவே, வரியைச் செலுத்துவதற்கு முன்பே வாடிக்கையாளரிடம் ரசீதைக் கேட்டுச் சரிபார்க்குமாறு விரைவஞ்சல் நிறுவனங்களை அதிகாரிகள் பணிக்க வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர், ஈசூன்