சேகருக்கு, வீட்டில் பேஸ் கிடார் பதிவு செய்வது பற்றி

திருச்சி

அன்புள்ள சேகர்,

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. சொட்டு மருந்தை மட்டும் வேளை தவறாமல் விடச் சொல். இங்கே எல்லோரும் நலம். மகள் ஹாஸ்டலுக்குப் போன பிறகு அவள் அறை காலியாகக் கிடக்கிறது. பேஸ் கிடாரையும் லேப்டாப்பையும் அங்கேதான் வைத்திருக்கிறேன்.

நீ மறுபடி பேஸைக் கையில் எடுத்துவிட்டாய் என்ற வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நீ கோயம்புத்தூர் போன பிறகு நம் இசைக்குழுவில் அந்த இடத்தில் நின்று பேஸ் வாசித்தவன் நான். உன் கை எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். அது வீட்டுக்குள்ளேயே அடங்கிப் போகக் கூடாது, பதிவாக வேண்டும்.

ஆம்ப்பும் மைக்கும் வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். இப்போதைக்கு வேண்டாம். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை என்று எழுதியிருக்கிறாய். அந்த அளவுள்ள அறையில் ஒலி சுவர்களுக்கு இடையே மோதித் திரும்புவதால் 47 ஹெர்ட்ஸும் 56 ஹெர்ட்ஸும் பெருத்துக் கேட்கும். ஈ ஸ்ட்ரிங்கின் இரண்டாவது ஃப்ரெட்டில் வரும் எஃப் ஷார்ப்பும், ஓப்பன் ஏ ஸ்ட்ரிங்கும் ஏறக்குறைய அங்கேதான் இருக்கின்றன. அவை இரண்டும் முழங்கும், பக்கத்து நோட்டுகள், அதாவது ஸ்வரங்கள், காணாமல் போகும். எவ்வளவு நல்ல மைக்காக இருந்தாலும் அதைத்தான் பிடிக்கும். ஸ்பீக்கரில் கேட்டு மிக்ஸ் செய்தாலும் இதே தொல்லைதான். அதனால் ஒரு நல்ல ஹெட்போன் வாங்கிவிடு.

கிடாரை நேராக ஆடியோ இன்டர்ஃபேஸில், அதாவது கிடாரை லேப்டாப்போடு இணைக்கும் பெட்டியில், சொருகு. அதில் கிடார் போன்ற வாத்தியங்களுக்கான 'இன்ஸ்ட்' பட்டனை அழுத்த வேண்டும். அழுத்தாமல் லைன் இன்புட்டில் விட்டால், ஸ்ட்ரிங்கின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப்பிலிருந்து வரும் உயர் ஒலிகள் மங்கி, போர்வைக்குள்ளிருந்து வாசிப்பதுபோல இருக்கும். 24 பிட்டில் வைத்து, பதிவு அளவின் உச்சம் மைனஸ் 12, மைனஸ் 10 டெசிபெல்லைத் தாண்டாமல் பார்த்துக்கொள். அதற்கு மேல் ஏற்ற வேண்டிய அவசியமே இல்லை. லேப்டாப் ஒலியைச் சேர்த்துவைத்து அனுப்பும் அளவான பஃபர் 128 இருந்தால் விரலுக்கும் காதுக்கும் நடுவே தாமதம் பெரிதாகத் தெரியாது.

நேராகச் சொருகினால் உயிர் இருக்காது என்று சிலர் சொல்வார்கள். ஆனால் அமெரிக்காவில், டெட்ராய்ட்டில் மோடவுன் இசை நிறுவனத்தின் ஸ்டுடியோவில் பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் 1960களில் வாசித்ததெல்லாம் பெரும்பாலும் நேராக மிக்ஸிங் கன்சோலுக்குப் போனதுதான். அவரிடம் இருந்தது 1962ஆம் வருட ஃபெண்டர் ப்ரிசிஷன் பேஸ், வழவழப்பான ஃப்ளாட்வவுண்ட் ஸ்ட்ரிங், ஸ்ட்ரிங்குகளின் அடிமுனையைத் தாங்கும் பிரிட்ஜின் மூடிக்கு அடியில் ஒரு துண்டு ஃபோம், வலது கையில் ஆள்காட்டி விரல் ஒன்று மட்டும். அந்த ஃபோமைப் பற்றித்தான் உனக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டும்.

வீட்டுப் பதிவில் பேஸைக் கெடுப்பது பெரும்பாலும் நோட்டு முடிகிற இடம்தான். மேடையில் டிரம்ஸ் சத்தத்தில் எல்லாம் மறைந்துவிடும். ஹெட்போனில் எதுவும் மறையாது. ஏ ஸ்ட்ரிங்கை மீட்டும்போது பக்கத்தில் ஈ ஸ்ட்ரிங்கும் சேர்ந்து முனகிக்கொண்டிருக்கும். வலது கட்டைவிரலை அதன்மேல் சாய்த்து வை. இடது கையில் சும்மா இருக்கும் விரல்களை மற்ற ஸ்ட்ரிங்குகள்மேல் படுக்க வை. பிரிட்ஜ் பக்கம் கொஞ்சம் ஃபோம் செருகினால் ஒலி தானாகவே சீக்கிரம் அடங்கும்.

அப்புறம் இதைச் செய்து பார். டிரம்ஸை மட்டும் ஓடவிட்டு, நாலு பார் ஒரே வரியை வாசி. ஒரு முறை ஸ்னேர் விழும் கணத்தில் நோட்டை நிறுத்து. அடுத்த முறை ஸ்னேரைத் தாண்டி இழு. டெம்போ மாறாமலேயே பாட்டு ஒரு தடவை துள்ளும், இன்னொரு தடவை சாய்ந்து நடக்கும். இளையராஜா ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஸ்டாஃப் நொட்டேஷனில் எழுதிக் கொடுப்பவர். அதில் மௌனத்துக்கும் அளவு உண்டு. நாம் மேடையில் அவர் பாட்டுகளை வாசித்தபோது நோட்டை மட்டுமே பிடித்துக்கொண்டோம். இப்போது அந்த இடைவெளிகளைத்தான் தேடித் தேடிக் கேட்கிறேன்.

கரண்டால் இரைச்சல் வந்தால், குறிப்பிட்ட ஒலிகளைக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூ வைத்து வெட்டப் போகாதே. நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், ஈ ஸ்ட்ரிங்கின் மூன்றாவது ஃப்ரெட்டில் வரும் ஜி 49 ஹெர்ட்ஸ். ஒன்றை வெட்டினால் மற்றதும் போய்விடும். லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் பதிவு செய். உன் ஜாஸ் பேஸில் இரண்டு பிக்கப்புகளின் வால்யூமையும் முழுக்கத் திறந்து வைத்தால் இரண்டின் இரைச்சலும் பெரும்பாலும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும்.

ஃபோனில் கேட்டுவிட்டு பேஸே இல்லை என்று பதறாதே. ஓப்பன் ஈ 41 ஹெர்ட்ஸ், ஃபோன் ஸ்பீக்கரால் அதைத் தர முடியாது. 82, 123 என்று மேலே வரும் ஒலிகளை வைத்துக் காதுதான் அடிநாதத்தை ஊகித்துக்கொள்கிறது. ட்ராக்கை ஒரு காப்பி எடுத்து, கீழ்ப்பகுதியை வெட்டி, லேசாக டிஸ்டார்ஷன் போட்டுக் கலந்தால் ஃபோனிலும் நன்றாகத் தெரியும்.

ஒரு டிரம்ஸ் ட்ராக் அனுப்பியிருக்கிறேன், டெம்போ 92. உனக்குத் தோன்றியதை வாசித்து, எஃபெக்ட் எதுவும் போடாமல் வேவ் ஃபைலாக அனுப்பு. ரிதம் கிடாரை நான் சேர்க்கிறேன். அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ரவி