சிப்பில் யாருடைய பேர்?

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய படம் பார்த்தோம். வரிப்பூனை உன் குசினிக் கதிரையில் கால் நீட்டிப் படுத்திருக்கிறது. ஆனாலும் இந்த நிமிஷம் வரைக்கும் அது பக்கத்து வீட்டு மனிசியின் பூனைதான். "கைக்குழந்தையோடு இதையும் பார்க்க ஏலாது, நீயே வைத்திரு" என்று அவ வேலிக்கு மேலால் சொன்னது நல்ல விஷயம். ஆனால் ஆறு மாதம் கழித்து அந்தச் சொல்லுக்குச் சாட்சி வேலி மட்டும்தான். போனில் சொன்னால் பாதியை மறந்துவிடுவாய் என்றுதான் எழுதுகிறேன். முதலில் பூனையைத் தந்துவிட்டதாக அவ கையெழுத்து வைத்த ஒரு கடதாசி, பிறகு பூனையின் தோலுக்குக் கீழே இருக்கிற அடையாளச் சிப், பிறகு மிருக வைத்தியர். கட்டில், விளையாட்டுச் சாமான் எல்லாம் அதற்குப் பிறகு வாங்கலாம்.

இங்கிலாந்துச் சட்டத்தில் பூனை ஒரு சொத்து, சைக்கிள் மாதிரி. சாப்பாடு போட்டதாலோ உன் வீட்டில் படுத்ததாலோ உன்னுடையதாகிவிடாது. 2024 ஆகஸ்ட்டிலிருந்து இன்னொருவரின் நாயையோ பூனையையோ கொண்டுபோவது 5 வருடம் வரை சிறைக்குப் போகக்கூடிய தனிக் குற்றமாகவும் ஆகிவிட்டது. உன்னைப் பிடிக்கப் போகிறார்கள் என்று சொல்லவில்லை. மனம் மாறி அவ சண்டைக்கு வந்தால் உன் கையில் ஒரு கடதாசி இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

கடதாசியில் அரைப் பக்கம் போதும். அவவின் முழுப்பேர், முகவரி. உன் முழுப்பேர், முகவரி. பூனையின் நிறம், ஆணா பெண்ணா, எத்தனை வயது, சிப் இலக்கம். "இன்றைய திகதியிலிருந்து இந்தப் பூனையை முழு உரிமையோடு இவருக்குக் கொடுக்கிறேன், திருப்பிக் கேட்கமாட்டேன்" என்று ஒரு வரி. இரண்டு பேரும் கையெழுத்து வைத்து ஆளுக்கொரு பிரதி. "கொஞ்ச நாளைக்குப் பார்த்துக்கொள்" என்று எழுதினால் அது இரவல், கொடுத்ததாகாது. அவ இன்னொருவரோடு சேர்ந்து பூனையை வாங்கியிருந்தால் அவருடைய கையெழுத்தும் வேண்டும். பிரிந்து போன ஆள் ஒருவர் ஒரு வருடம் கழித்து வந்து "பூனை என்னுடையது, சிப் என் பேரில்" என்று நிற்கிறதுதான் இதில் அடிக்கடி வருகிற தலையிடி. அதனால் கையெழுத்துக்கு முதல் அவவிடம் ஒருக்கால் கேள்: சிப் யாருடைய பேரில் இருக்கிறது?

சிப் என்றால் ஒரு சோற்றுப் பருக்கை அளவு. இரண்டு தோள் எலும்புக்கும் நடுவில் தோலுக்குக் கீழே இருக்கும். அதற்குள் பேரும் இல்லை, முகவரியும் இல்லை, 15 இலக்கம் மட்டும்தான். பேரும் போன் நம்பரும் இருப்பது ஒரு பதிவேட்டில். இந்த நாட்டில் அப்படி 20க்கு மேற்பட்ட பதிவேடுகள் இருக்கின்றன. மிருக வைத்தியரிடம் கொண்டுபோனால் கருவியைத் தோளுக்கு மேல் பிடித்து இலக்கத்தைச் சொல்வார்கள், பெரும்பாலும் காசு வாங்க மாட்டார்கள். சில சிப் தோளிலிருந்து இறங்கி முன்னங்கால் பக்கம் போயிருக்கும். அதனால் தோளில் சத்தம் வரவில்லை என்றால் நெஞ்சு, விலா, கால் எல்லாம் பார்க்கச் சொல். அந்த இலக்கத்தை இணையத்தில் தேடினால் எந்தப் பதிவேடு என்று காட்டும்.

இங்கேதான் கன பேர் பிழை விடுகிறார்கள். வைத்தியசாலையில் "இனி நான்தான் சொந்தக்காரி" என்று பேரைக் கொடுத்துவிட்டு எல்லாம் முடிந்தது என்று வந்துவிடுவார்கள். மாறினது வைத்தியசாலையின் கோப்பு மட்டும். பதிவேட்டில் பழைய ஆளின் பேர் அப்படியே இருக்கும். நாளைக்குப் பூனை ரோட்டில் அடிபட்டால் போன் போவது அவவுக்கு. பதிவேட்டில் மாற்றுவதற்கு அவவின் சம்மதம் தேவை. சில பதிவேட்டில் அவ தன் கணக்குக்குள் போய் மாற்றித் தரவேண்டும், சிலதில் அவவுக்கு ஒரு குறியீடு வரும், அதை நீ போடவேண்டும். அவவைத் தேத்தண்ணிக்குக் கூப்பிட்டு, அவவின் போனிலேயே, உனக்கு முன்னால் செய்விக்கிறதுதான் புத்தி. "பிறகு செய்கிறேன்" என்று விட்டால் கைக்குழந்தைக்காரிக்கு அந்தப் பிறகு வரவே வராது. சில பதிவேடு கட்டணம் கேட்கும். நீயே கொடுத்துவிடு, அவவிடம் கேட்காதே.

சிப்பே இல்லையென்றால் அதே நாளில் போடுவித்துவிடு. 2024 ஜூன் 10 முதல் இங்கிலாந்தில் 20 கிழமைக்கு மேற்பட்ட வளர்ப்புப் பூனைக்குச் சிப் கட்டாயம். இல்லையென்று பிடிபட்டால் 21 நாள் தவணை தருவார்கள். அதற்குள்ளும் போடாவிட்டால் 500 பவுண்ஸ் வரை தண்டம். ஒன்று ஞாபகம் வைத்திரு: பதிவேட்டில் உன் பேர் இருந்தாலும் அது "வைத்திருப்பவர்" என்ற பேர்தான், சொந்தக்காரர் என்பதற்குச் சட்டச் சாட்சி ஆகாது. கடதாசியும் வேண்டும், சிப்பும் வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். வீடு வாடகை என்பதால் வீட்டுக்காரரிடமும் எழுத்தில் ஒரு சம்மதம் வாங்கி வை.

அவ தன் வைத்தியசாலைக்கு ஒரு மெசேஜ் போட்டு, பூனையின் பழைய கோப்பை உன் வைத்தியசாலைக்கு அனுப்பச் சொல்லவேண்டும். நீ கேட்டால் தரமாட்டார்கள். எப்போ தடுப்பூசி போட்டது, என்ன வருத்தம் இருந்தது, நலமடித்ததா எல்லாம் அதில் இருக்கும். ஊசி நீண்ட நாள் விட்டுப்போயிருந்தால் திரும்ப முதலிலிருந்து 3, 4 கிழமை இடைவெளியில் இரண்டு போடுவார்கள். காப்புறுதி எடுக்கிறதென்றால் கெதியாக எடு. முந்தியே இருந்த வருத்தத்துக்குக் காசு தரமாட்டார்கள், அதோடு எடுத்த முதல் 14 நாளில் வருகிற வருத்தத்தையும் அனேகமான காப்புறுதிகள் சேர்ப்பதில்லை.

தெள்ளுக்கு நீயே பார்க்கலாம். வெள்ளைக் கடதாசித் துவாயை நனைத்து விரித்து வை. பேன்சீப்பால் வாலடியிலும் கழுத்திலும் வாரி, சீப்பில் வருகிற கறுப்புத் தூளை அந்த ஈரத்தில் தட்டு. ஒரு நிமிஷம் பொறுத்துப் பார். தூள் கறுப்பாகவே கிடந்தால் மண். சுற்றிவரச் செம்மண் நிறத்தில் கசிந்தால் தெள்ளின் எச்சம், அதாவது பூனையின் இரத்தம். அப்படியென்றால் வைத்தியரிடம் நிறைக்கு ஏற்ற மருந்து வாங்கி, நாக்கு எட்டாத பிடரியில், மயிரை விலக்கித் தோலில் விடு. ஒரு தரம் விட்டுவிட்டு நிறுத்தினால் கம்பளத்துக்குள் கூட்டுப்புழுவாகக் கிடக்கிறது பொரித்து வந்து திரும்பத் தொடங்கும். குறைந்தது 3 மாதம் தொடரவேண்டும். சுப்பர்மாக்கற்றில் மலிவாக இருக்கிறதென்று நாய்க்கான மருந்தை மட்டும் வாங்கிவிடாதே. சிலதில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கும். நாய்க்கு ஒன்றும் செய்யாது, பூனைக்கு வலிப்பு வந்து செத்துப்போகும்.

சாப்பாட்டை முதல் கிழமை மாற்றவே மாற்றாதே. அவ என்ன பிஸ்கற் போட்டாவோ அதே பிஸ்கற், அதே லிட்டர் மண், அதுதான் பூனை மலசலம் போகிற மண். பிறகு கால்பங்கு புதிது, முக்கால்பங்கு பழையது என்று தொடங்கி 7 முதல் 10 நாளில் மாற்று. ஒரே நாளில் மாற்றினால் வயிற்றால் போகும், இல்லாவிட்டால் சாப்பிடாமல் விட்டுவிடும். 4 கிலோப் பூனைக்கு நாளுக்கு 55 கிராம் அளவு பிஸ்கற் போதும், பக்கற்றில் இருக்கிற அட்டவணையையும் பார். கையால் அள்ளிப் போடாமல் தராசில் நிறுத்துப் போடு. பூனை என்றால் பால் என்று எங்கட சனத்துக்கு ஒரு நினைப்பு. வளர்ந்த பூனைகளில் கனக்கவற்றுக்குப் பால் செமிக்காது, தண்ணீர்தான் வேண்டும். மீன் குழம்புச் சோறும் வேண்டாம். குழம்பில் இருக்கிற வெங்காயமும் உள்ளியும் பூனையின் செங்குருதிக் கலங்களை உடைத்துவிடும். வெறும் மீனும் சோறும் என்றாலும் டோரின் என்ற சத்துப் போதாமல் நாளடைவில் கண்ணும் இதயமும் பழுதாகும்.

பனடோலை மேசையில் விடாதே, ஒரு குளிசையே பூனையைக் கொல்லும். அப்பாவின் நீலகிரித் தைலமும் அலுமாரிக்குள் போகட்டும். லில்லிப் பூ வீட்டுக்குள்ளேயே வரக்கூடாது. இதழ், இலை, மயிரில் ஒட்டி நக்குப்படுகிற மகரந்தம், சாடித் தண்ணீர் எல்லாமே சிறுநீரகத்தை அழிக்கும். உன் சிநேகிதிகளுக்கு இப்போதே சொல்லி வை, பிறந்தநாளுக்கு ரோசாப்பூ கொண்டு வரச்சொல்லி.

பக்கத்து வீட்டுப் பூனையை எடுக்கிறதில் உள்ள உண்மையான வில்லங்கம் இனித்தான் வருகிறது. தூரத்திலிருந்து வருகிற பூனைக்கு வழி தெரியாமல் தொலைந்துவிடும் என்ற பயம். உன் பூனைக்கு வழி நல்லாத் தெரியும். கதவு திறந்தவுடன் நேரே பழைய வாசலில் போய் நின்று கத்தும். அவவுக்கு மனம் கேளாமல் ஒருதரம் கதவைத் திறந்தாவென்றால் பூனையை உள்ளுக்குள் வைத்துப் பழக்குகிற உன் 3 கிழமை உழைப்பும் தண்ணீரில் போகும். அதனால் அவவிடம் மூன்று விஷயம் தெளிவாகக் கேள். பூனைக் கதவை, அதுதான் பூனை போய்வருகிற சின்னக் கதவை, பூட்டி வைக்கவேண்டும். ஒரு பிஸ்கற்கூடப் போடக்கூடாது. வாசலில் வந்து நின்றால் பேர் சொல்லிக் கூப்பிட்டுத் தடவக்கூடாது. மூன்றாவதுதான் அவவுக்குக் கஷ்டமாக இருக்கும். கொஞ்ச மாதத்துக்குத்தான் என்று சொல். பூனை படுத்த பழைய போர்வையைக் கழுவாமல் கேட்டு வாங்கு. லிட்டர் ட்ரேயையும் கேள்.

முதல் நாள் முழு வீட்டையும் திறந்துவிடாதே. ஒரு அறை, அதில் ஒளிக்க ஒரு காட்போட் பெட்டி, அந்தப் போர்வை, ஒரு மூலையில் சாப்பாடு, எதிர்மூலையில் ட்ரே. சாப்பாட்டுக்குப் பக்கத்தில் ட்ரே இருந்தால் பூனை உன் கம்பளத்தில்தான் போகும். மண் 3 முதல் 5 சென்ரிமீற்றர் ஆழம், வாசனை போடாதது. கட்டிலுக்குக் கீழே போனால் இழுக்காதே, அதே அறையில் நிலத்தில் இருந்து ஏதாவது வாசி. தானாக வரும்.

இந்த நாட்களில் இரண்டைக் கவனி. ஒரு நாள் முழுக்க ஒன்றும் சாப்பிடாவிட்டால் வைத்தியருக்குப் போன் எடு. கொழுத்த பூனை பட்டினி கிடந்தால் கொழுப்பு ஈரலில் போய்ப் படியும். மற்றது சலம். இது ஆண்பூனை. இடம் மாறின பதற்றத்தில் சலப்பை அழன்று, குழாய் அடைபடலாம். ட்ரேக்குள் ஏறி, குந்தி, முக்கி, இறங்கி, திரும்ப ஏறும், ஆனால் மண் நனைந்திருக்காது. மலச்சிக்கல் என்று நினைத்துக் காலைவரை பொறுக்காதே. அது நடு இரவென்றாலும் அவசர வைத்தியசாலைக்குப் போகவேண்டிய விஷயம். மறுநாளைக்கு விட்டால் உயிருக்கே ஆபத்து. மண்கட்டியை ஒவ்வொரு நாளும் எண்ணிக்கொண்டு வந்தால் ஒன்று குறைந்தவுடன் உனக்கே தெரியும்.

3 கிழமையாவது உள்ளுக்குள் வைத்திரு. இப்போ ஒக்டோபர் நடுப்பகுதி. எண்ணிப் பார், தீபாவளி வெடியும் இங்கத்தைய ஆட்கள் நவம்பர் 5க்குக் கொளுத்துகிற வெடியும் அடங்கினபிறகுதான் வெளியே விடுவாய், அதுவும் நல்லதுதான். அதற்குள் பிஸ்கற் டப்பாவைக் குலுக்கினால் ஓடி வரப் பழக்கு: ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் முதல் குலுக்கு, வேறு நேரத்தில் குலுக்காதே. முதல் தரம் விடுகிறது காலையில், சாப்பாட்டுக்கு முதல், வயிறு பசித்திருக்கும்போது. பின்கதவைத் திறந்துவிட்டு நீயும் கூட நில். 10 நிமிஷத்தில் டப்பாவைக் குலுக்கி, வந்தவுடன் உள்ளே சாப்பாட்டை வை. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கூட்டு. பழைய வாசலுக்குப் போனால் போய்த் தூக்கி வா, ஏசாதே. வாடகை வீட்டில் கதவை வெட்டிப் பூனைக் கதவு போடமுடியாது, ஆனபடியால் நீ வேலைக்குப் போகிற நேரம் பூனை உள்ளுக்குத்தான்.

எங்கட பழைய பூனைப் பெட்டி மேல்தட்டில் இருக்கிறது, மேல்மூடி திறக்கிற பெட்டி. அப்பா ஞாயிற்றுக்கிழமை கொண்டு வருவார். வந்தவுடன் மூடியைக் கழற்றி, போர்வையை உள்ளே விரித்து அறையிலேயே விட்டுவிடு. வைத்தியரிடம் போகிற அன்று மட்டும் வெளியே எடுத்தால் பெட்டியைக் கண்டவுடனேயே ஓடும். 15 இலக்கம் கிடைத்தவுடன் படம் எடுத்து எனக்கும் அனுப்பு, உன் போன் தொலைந்தாலும் என்னிடம் இருக்கும்.

அன்புடன்,
அம்மா