வாய்விட்டு வாசித்தல், வாய்விட்டு அழுதல்

சிங்கப்பூர்த் தமிழ் அமைப்புகளின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். ஏப்ரல் மாதத் தமிழ்மொழி விழாவுக்கு நீங்கள் திட்டம் போடும் முன்பே, இரண்டு மொழியும் தெரிந்த சிறுவர் ஆலோசகர்கள் வேண்டும் என்ற இந்தக் கோரிக்கை உங்கள் கைக்கு வர வேண்டும் என்று எழுதுகிறேன். நான் செங்காங்வாசி. மகன் தொடக்கநிலை நான்கு. பேச்சுப் போட்டி, கதை சொல்லும் போட்டி, மாறுவேடம் என்று நீங்கள் நடத்தியவற்றில் பாதிக்கு மேல் அவனை மேடையேற்றியிருக்கிறேன். ஆகவே இதை வெளியாள் புகாராக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

போன ஆண்டு என் மாமியார் தவறிப்போனார். மகனுக்கு அவர் அப்பாயி. வீட்டில் அவன் தமிழில் பேசிய ஒரே ஆளும் அவர்தான், எங்களோடு ஆங்கிலம். வீட்டில் அதிகம் பேசுவது தமிழ் என்றவர்கள் 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 3.3 விழுக்காடு, 2020இல் 2.5. அந்தச் சரிவில் எங்கள் வீட்டுக்கும் பங்கு உண்டு. அதை மறைத்துக்கொண்டு உங்களுக்குக் கடிதம் எழுதக் கூடாது.

காரியம் முடியும்வரை பையன் அழவில்லை. அதற்குப் பிறகு தினமும் காலையில் வயிற்றுவலி. பாலிகிளினிக்கில் ஒன்றுமில்லை என்றார்கள். பள்ளி ஆலோசகர் நல்ல மனிதர், மூன்று முறை உட்கார வைத்துப் பேசினார். மூன்று முறையும் "ஐயம் ஓகே" என்று சொல்லிவிட்டு வந்தான். வேறு ஆலோசகரிடம் கூட்டிப்போகலாம் என்றதும் உறவுக்காரர் ஒருவர், "உட்பிரிட்ஜுக்கா?" என்றார். அந்த மனநல மருத்துவமனை பெயர் மாறி புவாங்கோக்குக்குப் போனது 1993இல். நம் வாயிலிருந்து மட்டும் அந்தப் பெயர் இன்னும் கிளம்பவில்லை.

கடைசியில் ஒரு தமிழ்ப் பெண்ணிடம் போய்ச் சேர்ந்தோம். சிறுவர்களுக்கும் பதின்ம வயதினருக்கும் ஆலோசனை தருபவர். மகனுக்கு அவர் 'அக்கா'. மேசை, நாற்காலி எதுவும் இல்லை, தரையில் பாய். முதல் நாள் முழுக்க அஞ்சாங்கல்தான், இங்கே துணியில் முக்கோணமாகத் தைத்து விற்கிறார்களே, அது. பிள்ளைக்காக விட்டுக்கொடுக்கிறார் என்று நினைத்தேன். இல்லை, உண்மையிலேயே மோசமாக விளையாடினார்.

மூலையில் ஒரு மணல் தட்டு, பக்கத்தில் குட்டிக் குட்டிப் பொம்மைகள். காசு கொடுத்து மணல் விளையாட்டா என்று எனக்கும் தோன்றியது. பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன்: மார்கரெட் லோவன்ஃபெல்ட் என்ற மருத்துவர் 1920களின் இறுதியில் லண்டனில் தொடங்கிவைத்த முறை அது. சொல்ல வராததைப் பிள்ளை மணலில் அடுக்கிக் காட்டும்.

நான்காம் முறை கைப்பாவை. ஒன்று டாக்டராம், ஒன்று அப்பாயியாம். அக்கா டாக்டராக ஆங்கிலத்தில் பேச, இவன் அப்பாயிக்குத் தமிழில் சொல்ல வேண்டும். பாதியில் பாவையைத் தூக்கிப் போட்டுவிட்டு அழுதிருக்கிறான். என்னிடம் சொல்வதற்கு முன் அக்கா அவனிடம் அனுமதி கேட்டார். "அம்மாகிட்ட சொல்லுங்க, அப்பாகிட்ட நான் சொல்றேன்" என்றானாம். இந்தக் கடிதத்துக்கும் கேட்டுக்கொண்டேன்; பெயர் போடக் கூடாது என்பது நிபந்தனை.

நடந்தது இதுதான். மருத்துவமனையில் நான் கோப்பி வாங்கக் கீழே போன நேரம் டாக்டர் வந்திருக்கிறார். ஏதோ மருந்தைப் பற்றி, "நாட் ரெஸ்பாண்டிங்" என்று தாதியிடம் சொன்னது இவன் காதில் விழுந்திருக்கிறது. "டாக்டர் என்னய்யா சொல்றாரு?" என்று அப்பாயி கேட்க, அதற்குத் தமிழ் தெரியாமல், "நல்லாயிடும்னு சொல்றாரு" என்றிருக்கிறான். அவர் சிரித்துக்கொண்டே தேத்தண்ணி கேட்டாராம். மூன்றாம் நாள் போய்விட்டார். தான் தப்பாக மொழிபெயர்த்ததால்தான் என்று பத்து வயதுப் பிள்ளை மாதக்கணக்கில் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டிருந்தான்.

டாக்டர் சொன்னது ஆங்கிலத்தில். இவன் சொன்ன பொய் தமிழில். ஒரு மொழி மட்டும் தெரிந்தவரிடம் இதில் பாதியைத்தான் சொல்லியிருக்க முடியும்.

உங்களிடம் வருகிறேன். தமிழ்த் தேர்வில் 'வாய்விட்டு வாசித்தல்' என்று ஒரு பகுதி, மதிப்பெண்ணோடு. நம் பிள்ளைகளுக்குத் தமிழ் பேசும் பெரியவரைப் பார்த்தாலே வாய்மொழித் தேர்வு நினைவு வந்துவிடுகிறது. ழகரம் சரியா என்று பார்த்துக்கொண்டேதான் வாயைத் திறக்கிறார்கள். வாய்விட்டு அழுவதற்கு அந்தத் தமிழ் எப்படிக் கைகொடுக்கும்? "சோகமா இல்ல அக்கா, ஹெவியா இருக்கு" என்றிருக்கிறான். அக்கா திருத்தவில்லை. "எங்க கனக்குது?" என்று கேட்டார். வயிற்றைக் காட்டினான். அன்றிலிருந்து 'கனக்குது' அவன் சொல். நான் அனுப்பிய துணைப்பாட வகுப்பு எதிலும் இப்படி ஒரு சொல் அவனிடம் தங்கியதில்லை.

கலப்புத் தமிழை வளர்க்கச் சொல்கிறாயா என்பீர்கள். மேடையில் வேண்டாம். அந்தப் பாயில் இருக்கட்டும்.

உதவியே இல்லை என்று சொல்ல வரவில்லை. 1771 தேசிய மனநல எண் இருக்கிறது, தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு டிங்கிள் ஃபிரண்ட் உதவி எண் இருக்கிறது. நான் கேட்பது ஆள். தரையில் உட்கார்ந்து இரண்டு மொழியிலும் விளையாடத் தெரிந்த ஆலோசகரைத் தேடி எனக்குப் பல மாதம் ஓடிவிட்டது. போட்டிகளுக்கு ஒதுக்கும் பரிசுத் தொகையில் ஒரு பங்கை எடுத்து, சிறுவர் ஆலோசனைத் துறையில் படிக்க விரும்பும் தமிழ் இளையர்களுக்கு உபகாரச் சம்பளம் தாருங்கள். தேர்வில் தமிழுக்கு என்ன கிரேடு என்று பார்த்து எடுக்க வேண்டாம். ஒரு ஆறு வயதுப் பிள்ளையோடு அரை மணி நேரம் விட்டுப் பாருங்கள், தெரிந்துவிடும்.

இன்னொன்று, இதற்குக் காசுகூட வேண்டாம். தமிழ் மட்டும் தெரிந்த முதியவர்களுக்கு மருத்துவமனையில் மொழிபெயர்க்க உங்கள் தொண்டூழியர்கள் முன்வரலாம். அது பேரப்பிள்ளைகள் பார்க்கிற வேலை இல்லை.

இந்த ஆண்டு மகன் எந்தப் போட்டிக்கும் பெயர் கொடுக்க மாட்டானாம். அஞ்சாங்கல் போட்டி வைத்தால் வருவானாம். அக்காவையும் கட்டாயம் சேர்க்க வேண்டுமாம், அவரை ஜெயிப்பது சுலபமாம்.

இப்படிக்கு,
செங்காங்கிலிருந்து ஒரு தாய்