விட்ட நேரம் 9.32

மாமா,

இன்று ஏப்ரல் 30. உங்களுக்குத் தேதியைச் சொன்னால் போதும்.

இதை மதினிதான் உங்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். கண்ணாடி மாற்றியும் போனில் எழுத்து பிடிபடவில்லை என்று கேள்விப்பட்டேன். மதினிக்கு முன்னாலேயே இதை வேறு நாலு பேர் படித்திருப்பார்கள். நம்ம சொந்தத்தில் சிலரும் படிப்பார்கள், எதற்குப் படிப்பார்கள் என்பது நம் இரண்டு பேருக்குமே தெரியும். அதனால் சில இடத்தில் சுருக்கிக்கொள்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். போனில் பேசியிருக்கலாமே என்றால், நாலு தடவை அடித்தேன். நாலு தடவையும் "அப்பா தூங்குதாவ" என்றுதான் பதில் வந்தது. சாயங்காலம் ஆறு மணிக்கு நீங்கள் தூங்கி நான் பார்த்ததே இல்லை.

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் ரேடியோ நோட்டின் ஒரு பக்கத்தை வைத்து நான் இணையத்தில் எழுதின அந்தக் கட்டுரையை நேற்று ராத்திரி எடுத்துவிட்டேன். நோட்டுப் பக்கத்தின் படத்தையும் எடுத்துவிட்டேன். பத்தொன்பது நோட்டையும் அடுத்த ஞாயிறு கொண்டுவந்து கொடுக்கிறேன்.

இதை எழுதி முடித்த கையோடு ஒரு ஆத்திரமும் வருகிறது. அந்த நோட்டுகளை நான் திருடிக்கொண்டு போகவில்லை. 2019-ல் சைக்கிள் கடையைக் காலி பண்ணின அன்றைக்கு, பழைய டியூபெல்லாம் ஒரு சாக்கில் போக, இன்னொரு சாக்கை நீங்கள்தான் என் காலடியில் வைத்தீர்கள். "கொண்டு போடே. எழுதுதேன்னு சொல்லுதல்லா, எழுது." இதுதான் நீங்கள் சொன்னது. இதில் எதை எழுதலாம், எதை எழுதக் கூடாது என்று ஒரு வார்த்தை கிடையாது.

(வேடிக்கை பார்க்கிறவர்களுக்காக ஒரு பத்தி. மாமா, இதை நீங்கள் தாண்டிவிடலாம். மாமா சிற்றலை ரேடியோ, அதாவது ஷார்ட்வேவ், கேட்கிறவர். 1941-ல் தொடங்கிய பிபிசி தமிழோசை சிற்றலையில் கடைசியாக ஒலித்தது 2017 ஏப்ரல் 30 அன்று. தூரத்து நிலையங்களைத் தேடிப் பிடிக்கிறவர்கள், கேட்டது எப்படி இருந்தது என்று அந்த நிலையத்துக்கு அறிக்கை எழுதிப் போடுவார்கள். அதற்கு சின்போ என்று ஒரு கணக்கு உண்டு: ஐந்து இலக்கம். சிக்னலின் பலம், பக்கத்து நிலையத்தின் குறுக்கீடு, இரைச்சல், அலையின் ஏற்ற இறக்கம், கடைசியாக மொத்தத்தில் எப்படி. ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை மார்க். ஐந்து அஞ்சு விழுந்தால் பக்கத்து வீட்டில் பேசுவது மாதிரி. அறிக்கை சரியாக இருந்தால் நிலையம் ஒரு அட்டை அனுப்பும், நீ கேட்டது எங்களைத்தான் என்று.)

நீங்கள் இதற்கென்று தனி நோட்டு போட்டவர் இல்லை. வாடகை சைக்கிளுக்குக் கோடு போட்டு வைத்த அதே நீள நோட்டு. வண்டி நம்பர் என்ற இடத்தில் அலைவரிசை. பெயர் என்ற இடத்தில் நிலையம். எடுத்த நேரம், விட்ட நேரம் அப்படியே. துட்டு என்ற இடத்தில் சின்போ. ஒரு பக்கத்தில் மேலே நாலு வரி உரக்கடைக்காரர் பையன் எடுத்த வண்டி, கீழே ரெண்டு வரி மணிலா ரேடியோ. நான் முதல்முதலாக எழுதினதே இதைப் பற்றித்தான். யாழ்ப்பாணத்திலிருந்து ஒருத்தர் எழுதியிருந்தார், அவரும் பள்ளிக்கூட ரிப்போர்ட் அட்டையில் எழுதி வைத்தவராம். அதை உங்களிடம் சொன்னபோது, "ஓகோ" என்றீர்கள். அவ்வளவுதான்.

ஏழு வருஷம் மாமா. சனிக்கிழமை ராத்திரி கேட்டு, ஞாயிறு காலையில் எழுதி. சென்னையில் கேட்பது உங்கள் தட்டட்டியில் கேட்பது மாதிரி இல்லை. எல்இடி பல்பு, சார்ஜர், இன்வர்ட்டர் எல்லாம் சேர்ந்து 31 மீட்டர் சிற்றலைப் பட்டை முழுக்க ஈ மொய்க்கிற சத்தம். ரேடியோப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடுவேன். தண்ணீர்த்தொட்டி பக்கத்தில் கம்பியைக் கட்டுவதைப் பார்த்து வாட்ச்மேன் அசோசியேஷனில் புகார் சொல்லிவிட்டார். காய்ச்சலில் கிடந்த வாரம்கூட நான் விட்டதில்லை. ஏன் விடவில்லை என்று நீங்கள் ஒரு தடவையாவது கேட்டிருக்கலாம். 2017-ல் அந்த ராத்திரி கேட்டு முடித்ததும் நீங்கள் நோட்டில் கீழே இரட்டைக் கோடு போட்டு மூடிவிட்டு எனக்குப் போன் பண்ணினீர்கள். "முடிஞ்சிட்டு" என்றீர்கள், எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அடுத்த வருஷம் எழுத ஆரம்பித்தேன். கோட்டுக்குக் கீழே எழுதுகிறோம் என்றுதான் ஒவ்வொரு ஞாயிறும் நினைத்துக்கொள்வேன். இதை உங்களிடம் நேரில் சொல்ல எனக்கு வாய் வராது.

எல்லாரும் அந்தக் கட்டுரையைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கு அந்த சாக்கு நோட்டில் பிடித்தது வேறு பக்கம். 2012, கரண்ட் இல்லாத வருஷம். நம்ம ஊரில் பாதி நாள் மின்சாரம் கிடையாது, ஊரே அரசாங்கத்தைத் திட்டுகிறது, நீங்கள் ஒருத்தர்தான் கரண்ட் போனால் எழுந்து சட்டையை மாட்டுவீர்கள். நான் லீவுக்கு வந்திருந்தேன். ராத்திரி எந்த நேரமென்று தெரியவில்லை, காலைப் பிடித்து ஆட்டினீர்கள். "ஏ மருமவனே, எந்தி. தெரு பூரா செத்துட்டு. வா வா."

தட்டட்டியில் அப்படி ஒரு இருட்டு. தென்னையிலிருந்து கைப்பிடிச்சுவர் வரைக்கும் அந்தச் செம்புக் கம்பி, ஸ்போக்ஸ் கம்பியை வளைத்து நீங்களே செய்த கொக்கி. பெட்டியைத் திறந்தீர்கள். அடுத்த தெருவு டியூப்லைட் சோக் இல்லை, மாவு மில் இல்லை, ஒரு இரைச்சலும் இல்லை. முள்ளை நகர்த்த நகர்த்த நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன. "பகல்ல வானம் அம்புட்டையும் குடிச்சிரும்டே, ராத்திரிதான் திருப்பித் துப்பும்" என்றீர்கள். மேல்வானத்து அயனிமண்டலத்தின் கீழ் அடுக்கு பகலில் அலையை உறிஞ்சுகிறது, வெயில் போனதும் அது கலைந்து மேல் அடுக்கு அலையைத் தரைக்குத் திருப்புகிறது என்று பின்னால் நான் புத்தகத்தில் படித்தேன். நீங்கள் சொன்னது எனக்கு இன்னும் நன்றாகப் புரிகிறது.

9525 கிலோஹெர்ட்ஸை ஒட்டி ஒரு பெண் குரல். சுத்தமாக வந்தது. நீங்கள் டார்ச்சை வாயில் கடித்துக்கொண்டு காதை வைத்தீர்கள். மலாயா என்றீர்கள், இல்லை பர்மா என்றீர்கள். நான் எதுவும் சொல்லாமல் தலையை ஆட்டினேன். அப்போதுதான் படிக்கட்டிலிருந்து அத்தை. விசிறியோடு ஏறி வந்து மேல்படியில் உட்கார்ந்தாள்.

"இவன் காசிக்காரம்லா."

நாம் இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தோம்.

"ஆமா. முடிக்கும்போது கேப்பான் பாருங்க, தெரிமா காசி, தெரிமா காசின்னு. காசி தெரியுமான்னு எத்தனை வருசமா கேக்கான். நீங்க ஒரு தடவ கூட்டிட்டுப் போனியளா?"

இந்தோனேசியா. தெரிமா காசி என்றால் அவர்கள் மொழியில் நன்றி. நீங்கள் டார்ச்சை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தீர்கள், மாமா. நீங்கள் அப்படிச் சிரித்து அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை, பிறகும் பார்க்கவில்லை. அடுப்படிச் சுவருக்கு அந்தப்புறம் அவ்வளவு காலமும் இன்னொருத்தி கேட்டுக்கொண்டிருந்தாள் என்பது அன்றைக்குத்தான் நம் இரண்டு பேருக்கும் தெரிந்தது. நோட்டில் பெயர் என்ற இடத்தில் நீங்கள் எழுதினீர்கள்: காசிக்காரன். அதன் பிறகு கடைசி நோட்டு வரைக்கும் அந்த நிலையத்துக்கு அதுதான் பெயர். ஜகார்த்தாவுக்கு இங்கிலீஷில் அறிக்கை எழுதிப் போட்டதும், கோயில் படம் போட்ட அட்டை வந்ததும், அத்தை அதை அரிசி டப்பாவுக்கு மேலே ஒட்டினதும். காசிக்குத்தான் போகவில்லை. நீங்கள் கூட்டிக்கொண்டு போகவில்லை. கடையைப் பத்து நாள் பூட்டினால் குடி முழுகிப்போகுமா என்று அத்தை என்னிடமே கேட்டிருக்கிறாள்.

இதை நான் சொல்லியிருக்கக் கூடாதோ என்னவோ. சொல்லிவிட்டேன்.

இவ்வளவையும் கையில் வைத்துக்கொண்டு நான் எழுதினது எந்தப் பக்கத்தை? 2015 ஐப்பசி. ஒரே வரி. தமிழோசை, எடுத்த நேரம் 9.15. விட்ட நேரம் 9.32. அடுத்த வரியில் மறுபடி எடுத்த நேரம் 9.40. சின்போ 45434. பக்கத்தின் மேலே உங்கள் கையெழுத்தில் தேதி. அந்தத் தேதி என்ன என்று எனக்குத் தெரியும். அதற்கு நான் ஒரு முடிவு வரி எழுதினேன்: "அன்று ராத்திரி அவரை விட்டுப் போகாதது அலைவரிசை மட்டும்தான்."

நல்ல வரி என்று அன்றைக்கு நினைத்தேன். நிறையப் பேர் அதையே எடுத்துப் போட்டுப் பாராட்டினார்கள். ஒரு சாயங்காலம் முழுக்க எனக்குக் கால் தரையில் படவில்லை. மறுநாள் யாரோ ஒருத்தர், பெண்டாட்டி சாகக் கிடக்கையில் ரேடியோ கேட்ட மனுஷன் என்று எழுதினார். நான் அவரிடம் சண்டை போட்டேன். ஆனால் அப்படி அவர் நினைக்கும்படி எழுதினது நான்தானே. அது அதற்குள் நம்ம வாட்ஸப் குழுவுக்குப் போய்விட்டது, அங்கே யார் யார் என்னென்ன சொன்னார்கள் என்பதை இங்கே எழுத மாட்டேன்.

பிறகு மதினி போனில் ஒரு வரி சொன்னாள். "எங்கம்மைதான் போடச் சொன்னா, தெரியுமா ஒனக்கு?" வைத்துவிட்டாள்.

தெரியாது. நான் கேட்கவில்லை. நோட்டில் துட்டு என்ற இடம்வரைக்கும் இருந்ததைப் படித்தேன், மீதியை நானே நிரப்பிக்கொண்டேன். சென்னையிலிருந்து ஒரு போன் போட்டு, மாமா, அந்த எட்டு நிமிஷம் என்ன என்று கேட்டிருக்கலாம். கேட்டால் எழுத விட மாட்டீர்களோ என்று பயந்தேனோ என்னவோ. ஞாயிறு காலை பத்து மணிக்குப் போட வேண்டும் என்ற அவசரமும் இருந்தது. பழக்கம் நல்லதுதான், ஆனால் வாராவாரம் எதையாவது உள்ளே போட்டால்தான் ஓடுகிற மாவு மில்லாக என்னை ஆக்கிவிட்டது. அந்த வாரம் வேறு அரிசி இல்லை, அத்தையைப் போட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் மாமா, நீங்களும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பதினாலு மாதம். நம்ம வீட்டுக் கல்யாணத்தில் பந்தியில் சாம்பார் வாளியோடு வந்தீர்கள். எனக்கு முந்தின இலைவரை ஊற்றிவிட்டு, எதிர்வரிசைக்குத் திரும்பினீர்கள். வெறும் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்தவர் பார்த்தார். வீட்டு விஷயத்தை வெளியே சொன்னேன் என்பதுதானே குற்றம்? உங்கள் அறிக்கைகளின் நகல் அந்தச் சாக்கில்தான் இருக்கிறது, கார்பன் வைத்து எழுதினது. பெய்ஜிங்குக்கு எழுதினதில் மதினியின் பிளஸ் டூ மார்க் இருக்கிறது. லண்டனுக்கு எழுதினதில் தாமிரபரணியில் வெள்ளம் வந்து கடைக்குள் முழங்கால் தண்ணீர் நின்றது இருக்கிறது. மணிலாவுக்கு எழுதினதில், மனைவிக்குச் சர்க்கரை கூடியிருக்கிறது, பிரார்த்தனையில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று இருக்கிறது. முகம் தெரியாதவர்களுக்கு மாதாமாதம் ஸ்டாம்பு ஒட்டி எழுதினவர் நீங்கள். நான் அதைப் பார்த்துத்தானே வளர்ந்தேன்? உங்களுக்கு ஒரு அட்டை வரும். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது, ஆமாம், நீ சொன்னது இங்கே வந்து சேர்ந்தது என்று ஒரு அட்டை. லண்டனிலிருந்து இல்லை.

சரி. விடுங்கள். நீங்கள் எழுதினது ஒருத்தருக்கு, உறைக்குள் ஒட்டி. நான் எழுதினது சந்தையில் வைத்து. அது ஒன்றில்லை, எனக்கும் தெரிகிறது.

எழுதுவதை நிறுத்தவில்லை. அதை எதிர்பார்க்காதீர்கள். இனி நோட்டிலிருந்து எதையும் எடுக்க மாட்டேன், அந்தந்த வாரம் நான் கேட்டது மட்டும்தான். இந்த வாரம் 49 மீட்டரில் ஒன்றும் உருப்படியாகக் கிடைக்கவில்லை, அதைத்தான் எழுதப்போகிறேன். அந்த எட்டு நிமிஷத்தைப் பற்றி இங்கே கேட்கவும் மாட்டேன். நேரில் கேட்பேனா என்பது உங்கள் முகத்தைப் பார்த்த பிறகுதான்.

ஞாயிறு முதல் பஸ்ஸில் வருகிறேன். பெட்டிக்குப் பெரிய பேட்டரிக் கட்டை நாலு வாங்கி வைத்திருக்கிறேன். தென்னை சாய்ந்துவிட்டது என்று கேள்வி, அதனால் கம்பி கட்டுவதற்கு மூங்கில் ஏதாவது பார்த்து வையுங்கள். ராத்திரி தங்குவேன்.

மதினி, தட்டட்டி வருகிற இடத்தை மட்டும் கொஞ்சம் மெதுவாக வாசிங்க. இடது பக்கம் உட்காருங்க, மாமாவுக்கு அந்தக் காதுதான் கேட்கும்.