சம்பானுக்கும் விளக்கு வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு பதிப்பில் ஆற்றுச் சுற்றுலா பற்றி வந்த கட்டுரையில், "சின்னச் சம்பான்களுக்கு விளக்கு தேவைப்படாது, நிலவொளியே போதும்" என்று போட்டிருந்தீர்கள். முப்பது வருடமாகத் தங்கள் பத்திரிகையை வாங்குகிறேன். அந்த வரியைப் படித்துவிட்டு அன்று பசியாறக்கூட மனம் வரவில்லை.

எங்கள் ஊர் ஊத்தான் மெலிந்தாங். கடலுக்குப் போகும் மீன்பிடிப் படகுகளும் சம்பான் என்கிற எங்கள் சின்னப் படகுகளும் ஒரே பெர்ணம் ஆற்றில்தான் ஓடுகின்றன. கடற்கலங்கள் வந்துபோகும் ஆறுகளுக்கும் 1972-ஆம் ஆண்டு அனைத்துலக மோதல் தடுப்பு விதிகள் பொருந்தும் என்பது தாங்கள் அறியாததல்ல. துடுப்புப் படகு என்றாலும் ஒரு டார்ச்லைட்டாவது கையில் தயாராக இருக்க வேண்டும், மோதுவதற்கு முன்பே அதைக் காட்ட வேண்டும். 7 மீட்டருக்குக் குறைவான, மணிக்கு 7 கடல்மைலுக்கு மேல் ஓடாத மோட்டார் சம்பானுக்கு, நாலாபக்கமும் தெரிகிற ஒரே ஒரு வெள்ளை விளக்கு போதும் என்று சலுகை கொடுத்திருக்கிறார்கள். அதுகூட வேண்டாம் என்கிறது தங்கள் கட்டுரை.

என் அண்ணன் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்தில், இரவில் இறால் பிடிக்கப் போவோம். சைக்கிள் டியூப்பை வெட்டி, சம்பானின் முன்மூக்கில் டார்ச்லைட்டைக் கட்டியிருப்போம். ஒரு நாள் பேட்டரி தீர்ந்துவிட்டது. "நிலாதான் இருக்கே, வா" என்றார் அண்ணன். கரையோர நீப்பா மரங்களின் நிழலுக்குள் நிலா எங்கே வரும்? வளைவில் ஒரு படகின் இருபக்க விளக்குகள், சிவப்பும் பச்சையும், ஒன்றாகத் தெரிந்தன. இரண்டும் சேர்ந்து தெரிந்தால் படகு நேராக நம்மை நோக்கி வருகிறது என்று அர்த்தம். எங்களை அவர்கள் பார்க்க வழியே இல்லை. வளைவில் கொடுக்க வேண்டிய நீண்ட ஊதலையும் அவர்கள் கொடுக்கவில்லை. அண்ணனின் இடது கையில் இரண்டு விரல்கள் அன்றைக்குப் போயின.

படகுத்துறை விளக்கு எரியாமல் கிடப்பதைப் பற்றி இரண்டு முறை எழுதினேன். தாங்கள் போடவில்லை. சரி, இடமில்லை என்று நினைத்துக்கொண்டேன். எச்சரிக்கைப் பலகையில் தமிழ் இல்லை என்று எழுதினேன், அதுவும் வரவில்லை. தோட்டத்து ஆட்களின் உயிருக்கு நாலு வரி இடம் கிடைக்காது, சுற்றுலாவுக்கு மட்டும் முழுப் பக்கம் கிடைக்கும் என்றால் மனசு வலிக்கிறது ஐயா. அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு எந்தப் பையனாவது விளக்கில்லாமல் ஆற்றில் இறங்கினால் யார் பொறுப்பு?

அந்த ஒரு வரியைத் திருத்தி, அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில் போடுங்கள். எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும். அண்ணனுக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை.

இப்படிக்கு,
தோட்டத்து வாசகன்,
ஊத்தான் மெலிந்தாங், பேராக்.