மன்னார்குடி ரவுட்டர்

புனே
ஞாயிறு இரவு

அன்புள்ள முரளி,

பொங்கலுக்குப் பிறகு ஒரு வரிகூட எழுதவில்லை என்று நீ திட்டுவதற்குள் நானே என்னைத் திட்டிக்கொண்டுவிட்டேன். இங்கே எல்லாரும் நலம். சின்னவளுக்கு முதல் பல் விழுந்தது. குடும்பச் செய்தி அவ்வளவுதான், மீதி முழுவதும் மன்னார்குடி ரவுட்டர்.

அம்மா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, இனிப் புனேயிலிருந்தே ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தைத் திறப்பேன் என்று பீற்றிக்கொண்டேனே! டைனமிக் டிஎன்எஸ் பெயர் (இணைய முகவரி மாறினாலும் மாறாத பெயர்) வைத்து, வெளியிலிருந்து உள்ளே வர வாசலாக ஒரு போர்ட் திறந்து, வைஃபையில் இருந்த என் போனில் திறந்தும் காட்டினேன். நீ முறுக்கைக் கடித்தபடி ஒன்றே ஒன்று கேட்டாய்: "ரவுட்டர் காட்டும் முகவரியும் வெளியே தெரியும் முகவரியும் ஒன்றுதானா?" நான் சிரித்தேன். ஹாஸ்டல் பூட்டு விவகாரத்துக்குப் பிறகும் உன்னைப் பார்த்துச் சிரித்தது என் தப்பு.

புனே வந்தேன், திறக்கவில்லை. அம்மாவைப் போனில் வைத்துக்கொண்டு, "மூன்றாவது வரியைத் தொடு, இல்லை, அதற்குக் கீழே" என்று போர்ட்டை 8080 ஆக்கினேன், 8443 ஆக்கினேன், காவல்சுவரான ஃபயர்வாலைத் தளர்த்தினேன். மூன்று ஞாயிறு போயிற்று. நான்காவது ஞாயிறு புத்தி கெட்டு, ரீசெட் துளையில் ஊக்கை விட்டுப் பத்து எண்ணும்வரை அழுத்தச் சொன்னேன். அம்மா உரக்க எண்ணிக்கொண்டே அழுத்தினாள். இணைப்புக்கான பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அதோடு போயின. "இப்போது சிவப்பு விளக்கு எரிகிறது, பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது" என்றாள்.

இரண்டு நாள் இணையம் இல்லை. அப்பா போன பிறகு ராத்திரி ஏழு மணிக்கு வீடியோ அழைப்பில் அம்மா முகத்தைப் பார்த்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். இணைப்பு அறுந்தால் அவளை அலைக்கழிக்காமல் இங்கிருந்தே சரிசெய்யத்தான் இந்தப் பாடெல்லாம். அதை நானே அறுத்தேன்.

லைன்மேன் வந்து சரிசெய்துவிட்டு, நான் கேட்டபடி ரவுட்டர் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினார். முகவரி 100.72 என்று தொடங்கியது! அம்மாவின் போனில் வெளி முகவரியைப் பார்க்கச் சொன்னால் அது வேறு. 100.64 முதல் 100.127 வரை, இணைய நிறுவனங்கள் ஒரே வெளி முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிடுவதற்கென்றே 2012இல் ஒதுக்கிய எண்கள் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஐபிவி4 என்ற பழைய முகவரி முறையில் மொத்தமே சுமார் 430 கோடி முகவரி. மையக் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே காலி. ஆகவே நிறுவனம் ஒரே வெளி முகவரியில் பல வீடுகளை ஒண்டுக்குடித்தனம் வைத்திருக்கிறது. உள்ளிருந்து யாரும் வெளியே போகலாம். வெளியிலிருந்து வருகிறவனுக்கு எந்தக் கதவு என்று சொல்ல ஆளில்லை. நான் திறந்த போர்ட் உள்கதவு. தெருக்கதவு நிறுவனத்தின் கையில்.

பொங்கலன்று திறந்தது ஏன் என்கிறாயா? நான் வைத்த பெயர் அந்த 100.72ஐத்தான் காட்டிக்கொண்டிருந்தது. வீட்டுக்குள்ளிருந்தே கூப்பிட்டதால் ரவுட்டரே "என்ன?" என்றது.

இன்னொன்று, சொல்லவே கூசுகிறது. நிர்வாகப் பக்கத்தை உலகத்துக்கே திறந்துவிட்டு, கடவுச்சொல்லை மாற்றாமல் விட்டிருந்தேன். என்னை உள்ளே விடாத அதே சுவர்தான் மற்றவர்களையும் தடுத்திருக்கிறது. இப்போது அதை மூடியாயிற்று.

தனி முகவரி கேட்டேன். வணிக இணைப்புக்கு மட்டும்தானாம். உன் திருச்சி வீட்டில் வெளி முகவரி நேராக வருகிறது என்று நீதானே சொன்னாய்? உன் ரவுட்டரில் யூடிபி 51820 என்ற போர்ட்டை மட்டும் திறந்து, அந்தப் பழைய கணினியில் வயர்கார்டு என்ற ரகசியச் சுரங்கப்பாதை மென்பொருளை வைத்துக் கொடு. அம்மா வீட்டில் ராஸ்ப்பெரி பை என்ற குட்டிக் கணினி ஒன்றை வைக்கிறேன். அது உள்ளிருந்து உன் வீட்டைக் கூப்பிட்டு, 25 விநாடிக்கு ஒரு தடவை தட்டிக்கொண்டே இருக்கும். நானும் உன் வீட்டுக்கு வந்து, அந்த வழியாக மன்னார்குடி போவேன். உன் வெளி முகவரி மாறினாலும் கவலையில்லை, டைனமிக் டிஎன்எஸ் பெயர் வைத்து, அதை அவ்வப்போது மறுபடி பார்க்கும்படி செய்துவிடுகிறேன்.

கமலாவிடம் கேட்டுவிட்டுச் சொல். போன தடவை மாதிரி அவளுக்குத் தெரியாமல் செய்யாதே. அம்மா வடாம் கட்டி வைத்திருக்கிறாள், உனக்கென்று தனியாக.

உன்,
ரகு