மூலம் என்று எழுதுவதற்கு முன்: கிளினிக் டாக்டர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டில் கிளினிக் நடத்தும் டாக்டர்களுக்கு,

வணக்கம். புற்றுநோய் அறுவை சிகிச்சை வார்டில் வேலை பார்க்கும் செவிலியர் நான். குடல் புற்றுநோய்க்காகக் குடலை வயிற்றின் வழியாக வெளியே எடுத்து, மலம் சேரப் பை மாட்டப்பட்டவர்களுக்கு, அந்தப் பையை எப்படி ஒட்டுவது, எப்படிக் கழற்றுவது, தோல் புண்ணாகாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று சொல்லிக்கொடுப்பது என் வேலை. கேட்க உட்காருகிறவர்களில் முப்பதுகளில் இருப்பவர்கள் நிறையப் பேர். கைக்குழந்தைக்காரர்கள் இருக்கிறார்கள், வரன் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் இருக்கிறார்கள்.

அவர்களுடைய பைலைப் புரட்டினால் அடியில் கிடக்கும் பழைய சீட்டுகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கின்றன. முதல் சீட்டில் ‘மூலம்’. தடவ ஆயின்ட்மென்ட், மலமிளக்கி, காரம் குறைக்கச் சொல்லி ஒரு வரி. அடுத்ததில் அமீபாத் தொற்று என்று மெட்ரோனிடசோல் மாத்திரை. பிறகு இரும்புச் சத்து மாத்திரை. மலவாயில் விரல் வைத்துப் பார்த்ததாக ஒரு குறிப்பைத் தேடினால் கிடைப்பதில்லை.

மலத்தில் ரத்தம் போகிறது என்று வருகிறவரை, அவருக்கு வயது இருபத்தெட்டே ஆனாலும், கையுறை போட்டு ஒருமுறை பி.ஆர். (மலவாயில் விரல் விட்டுச் சோதிப்பது) பார்த்துவிட்டு அப்புறம் மூலம் என்று எழுதுங்கள். இந்த மடலே இதற்காகத்தான்.

‘இந்த வயதில் கேன்சரா?’ என்று உங்களுக்குத் தோன்றுவது புரிகிறது. ஆனால் நம் நாட்டுக் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. மும்பை டாடா நினைவு மருத்துவமனைக்கு 2013-14இல் ஓராண்டில் வந்த 800 பெருங்குடல், மலக்குடல் புற்றுநோயாளிகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியானது. அவர்களுடைய சராசரி வயது 47. அமெரிக்காவில் இந்த நோய் தெரியவரும் நடு வயது அறுபதைத் தாண்டி நிற்கிறது. இன்னொன்று, அந்த 800 பேரில் அதிகம் பேருக்குக் கட்டி இருந்த இடம் மலக்குடல். மலக்குடலின் கீழ்ப்பகுதிக் கட்டி விரலுக்கே எட்டும். ஸ்கேன் வேண்டாம், குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் ஸ்கோப் (கொலோனோஸ்கோபி) வேண்டாம். ஒரு ஜோடி கையுறையும் கொஞ்சம் ஜெல்லியும் போதும். ‘சிக்னெட் ரிங்’ என்ற மோசமான செல் வகையும் அங்கே நூற்றுக்கு 13 பேர் அளவில் இருந்தது. மேற்கு நாடுகளில் அது நூற்றுக்கு ஒருவர் அளவுதான். இளவயதுக்காரர்களிடம் அடிக்கடி தென்படும் இந்த வகை வேகமாகப் பரவும். மூன்று மாதம் மருந்து சாப்பிட்டுப் பார்க்கட்டும் என்று விடுவதற்கு இடம் கொடுக்காது.

வெளிநாடுகளிலும் இந்தத் தாமதம் உண்டு. 50 வயதுக்குட்பட்டவர்களைப் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து 2024இல் பார்த்தபோது, ஏறத்தாழ பாதிப் பேருக்கு மலத்தில் ரத்தம் போயிருந்தது. அறிகுறி தொடங்கியதிலிருந்து நோய் இன்னதென்று தெரிய நான்கு முதல் ஆறு மாதம் ஆகியிருந்தது. நம் ஊரில் உங்களிடம் வருவதற்கு முன்பே சூடு என்று மோர் குடித்து, துத்தி இலையும் கருணைக்கிழங்கும் சாப்பிட்டு, பஸ் ஸ்டாண்ட் சுவரில் ‘ஆபரேஷன் இல்லாமல் மூலம், பௌத்திரம் குணமாகும்’ என்று எழுதியிருக்கும் இடத்துக்கும் ஒரு நடை போய்விட்டுத்தான் வருகிறார்கள். (அந்தச் சுவர்க்காரர்களுக்கு நான் மடல் எழுதப்போவதில்லை.) அவ்வளவு நாள் கழித்து உங்கள் முன்னால் வந்து உட்காருகிறவர் இன்னொரு ஆயின்ட்மென்ட்டோடு திரும்பக் கூடாது.

ரத்தம் போகும் பத்துப் பேரில் பெரும்பாலானோருக்கு மூலமோ மலவாய் வெடிப்போதான் இருக்கும். அது எனக்கும் தெரியும். எல்லோரையும் கொலோனோஸ்கோபிக்கு அனுப்பச் சொல்லவில்லை. ஆனால் மூலம் இருப்பவருக்கு மேலே கட்டியும் இருக்கலாம். ஒன்றைக் கண்டதும் தேடலை நிறுத்திவிடாதீர்கள். விரலில் கட்டி தட்டுப்பட்டாலோ, சில வார மருந்துக்குப் பிறகும் ரத்தம் நிற்காவிட்டாலோ, வயிற்று வலி, எடைக் குறைவு, மலம் போகும் பழக்கத்தில் மாற்றம், ரத்தசோகை இதில் ஏதாவது கூடவே இருந்தாலோ ஸ்கோப் பார்த்துவிட வேண்டும். விரலில் ஒன்றும் படவில்லை என்பதால் மேலே ஒன்றுமில்லை என்றாகாது. குடும்பத்தில் யாருக்காவது சின்ன வயதில் குடல் புற்றுநோயோ கர்ப்பப்பைப் புற்றுநோயோ வந்ததா என்றும் கேளுங்கள். இந்தப் புற்றுநோய்களை வரவைக்கும், வழிவழியாக வரும் மரபுக் கோளாறான லிஞ்ச் நோய்க்குறி அந்த ஒரு கேள்வியில் பிடிபடலாம்.

ரத்தசோகையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முப்பத்திரண்டு வயது ஆணுக்கு ஹீமோகுளோபின் எட்டு என்றால், அவருக்கு மாதவிலக்கு இல்லையே, ரத்தம் எங்கே போகிறது என்று யாராவது கேட்க வேண்டாமா? பெண்களுக்கோ அந்தக் கேள்வி எழுவதற்கு முன்பே மாதவிலக்கின் மேல் பழி விழுந்துவிடுகிறது. கல்யாணமாகாத பெண்ணிடம் பி.ஆர். என்று சொல்லவே தயங்குகிறீர்கள். அம்மாவும் ‘அதெல்லாம் வேண்டாம் டாக்டர்’ என்பார். பெண் உதவியாளர் ஒருவரைப் பக்கத்தில் நிறுத்தி, எதற்காகப் பார்க்கிறோம் என்று இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டுக் கேட்டால், மறுப்பவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

நோய் குடல் சுவரைத் தாண்டாதபோதே பிடித்தால் ஐந்தாண்டு தாண்டி உயிரோடு இருப்பவர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ 90 பேர் என்கிறது அமெரிக்கக் கணக்கு. கல்லீரல், நுரையீரல் என்று பரவிய பிறகு அது 15 பேர் அளவுக்கு இறங்கிவிடுகிறது. சிகிச்சை நிறைய முன்னேறியிருக்கிறது. மலக்குடல் கட்டிக்கு ரேடியேஷனும் கீமோவும் முதலிலேயே முழுசாகக் கொடுத்து, கட்டி கரைந்தவர்களுக்கு ஆபரேஷன் செய்யாமல் கண்காணித்து வந்த அமெரிக்க ஆய்வில் ஏறத்தாழ பாதிப் பேர் மலக்குடலைக் காப்பாற்றிக்கொண்டார்கள். 2022இல் நியூயார்க்கில், குறிப்பிட்ட மரபணுக் குறைபாடு உள்ள கட்டிக்கு டோஸ்டார்லிமாப் என்ற மருந்தை மட்டும் கொடுத்தபோது, சிகிச்சையை முடித்த முதல் 12 பேருக்கும் கட்டி மறைந்தது. அப்படிப்பட்ட கட்டிகள் கொஞ்சம்தான், மருந்தின் விலையும் நம் கைக்கு எட்டாதது. ஆனாலும் இதெல்லாம் நோய் வேறு உறுப்புக்குப் பரவுவதற்குள் வந்தவர்களுக்குக் கிடைத்த பலன்.

உயிர் பிழைத்தவர்களும் எதையெதையோ விட்டுக்கொடுத்துத்தான் பிழைக்கிறார்கள். இளம் உடம்பு தாங்கும் என்று கீமோ தாராளமாகவே கொடுக்கப்படுகிறது. ஆக்சாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்து ஏறியபின் விரல் நுனி மரத்துப்போகும். பனியன் கம்பெனி டெய்லருக்கு ஊசியில் நூல் கோப்பது பெரும்பாடு. பையை எடுத்துக் குடலை உள்ளே இணைத்த பிறகும் ஒரு நாளைக்கு எத்தனை தடவை கழிப்பறைக்கு ஓட வேண்டும் என்பது அவர் கையில் இல்லை. பஸ் கண்டக்டர் அந்த வேலைக்குத் திரும்புவது எப்படி? இடுப்பில் ரேடியேஷன் கொடுத்தால் சினைப்பை செயலிழந்துவிடும். அதற்கு முன்பே கருமுட்டையோ விந்தணுவோ சேமித்து வைக்கலாம் என்ற பேச்சு, கேட்கத் தெரிந்தவர்களுக்கு மட்டும் கிடைக்கிறது. ‘சிஸ்டர், எனக்குக் குழந்தை பிறக்குமா?’ என்று என்னிடம் தனியாக வந்து கேட்பவர்கள் பெரும்பாலும் ரேடியேஷன் முடித்துவிட்டவர்கள்.

அமெரிக்காவில் 2021 முதல் 45 வயதிலேயே பரிசோதனையைத் தொடங்கச் சொல்கிறார்கள். நம் அரசின் புற்றுநோய்ப் பரிசோதனை வாய், மார்பகம், கர்ப்பப்பை வாய் என்ற மூன்றோடு நிற்கிறது. குடல் அதில் இல்லை. அப்படியே நாளைக்குக் குடலைச் சேர்த்தாலும் முப்பது வயதுக்காரருக்கு அதில் இடம் இருக்காது. அவருக்கு இருப்பது உங்கள் கிளினிக் மட்டும்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்போது ‘மேல் சிகிச்சைக்கு’ என்று மட்டும் எழுதாதீர்கள். பி.ஆர். பார்த்த தேதி, விரலில் என்ன பட்டது, ஹீமோகுளோபின் எவ்வளவு, ரத்தம் எத்தனை வாரமாகப் போகிறது இந்த நாலையும் எழுதிக் கொடுங்கள். ஓ.பி. வரிசையில் அந்தச் சீட்டைக் காட்டுகிறவருக்கு ஸ்கோப் தேதி சீக்கிரம் கிடைக்கும்.

இப்படிக்கு,
பை பராமரிப்புச் செவிலியர் ஒருவர்